இது யாரு காலுங்க?

நான் நாற்காலியில் உட்கார்ந்தால் கோயமுத்தூரின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்பார்கள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். அந்த மரியாதை இந்த ஊரில் வேறு எவனுக்கும் கிடைத்ததில்லை.

பொய். வரைபலகை நின்ற உயரத்தில் இருக்கும், அதனால் நின்றார்கள். அதிலும் எனக்கு நாற்காலி கிடைத்த நாட்கள் குறைவு. பெரும்பாலும் தரையில்தான் குந்தியிருந்தேன். அவர்கள் நின்றபடி என்னைக் குனிந்து பார்த்து வரைந்தார்கள்.

இந்த ஓவியப் பள்ளிக்கு மாடலாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். எனக்கு எழுத வராது. நான் பள்ளிக்கூடம் போனதைவிட, என்னைத் தேடி வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் அதிகம். அதனால் நான் பேசுகிறேன், உங்களில் ஒருத்தியான சரசு அதைச் செல்போனில் பதிந்து எழுதுகிறாள். பல்லடத்தில் கோழிக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்த பிள்ளை அது. என் பேச்சுக்கு இஸ்திரி போட்டுத்தான் தரும். வாசிக்கும்போது நான் படித்தவன் மாதிரித் தெரிந்தால் குற்றம் இஸ்திரியுடையது.

எப்படி அசையாமல் இருப்பது, கால் மரத்துப்போனால் என்ன செய்வது, மூக்கில் ஈ உட்கார்ந்தால் என்ன செய்வது, இதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். ஈ உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்ல வந்தது வேறு.

நான் இந்த வேலைக்கு வந்ததே தப்பாக வந்ததுதான். கணபதியில் ஒரு பவுண்டரியில் இரும்பு வார்ப்பு தூக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வார்ப்பு ஒன்று வலது காலில் விழுந்தது. இரண்டாவது விரல் பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை இறங்கவில்லை. பிறகு பவுண்டரியும் மூடிவிட்டார்கள். இந்தப் பள்ளிக்கு இரும்பு ஸ்டாண்டு இறக்க வந்தபோது ஓவிய மாஸ்டர் என்னைப் பார்த்து, "அப்பிடியே நில்லுப்பா" என்றார். ஏதோ திருட்டுப் போயிருக்கிறது, என்மேல் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து அப்படியே நின்றேன். வெகுநேரம் கழித்துப் பலகையைத் திருப்பிக் காட்டினார். அதில் நான் இருந்தேன். கையில் காசும் கொடுத்தார். திருடாமலே நின்றதற்குக் கூலி கொடுக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

என்னைப் பிச்சைக்காரனாக வரைந்தார்கள். மூட்டை தூக்குகிறவனாக, மாடு மேய்க்கிறவனாக, பசியில் படுத்திருப்பவனாக வரைந்தார்கள். ஒருநாள்கூட ஜட்ஜாக வரையவில்லை. கேட்டதற்கு ஒரு பையன், "உங்க மொகத்துக்கு அது செட் ஆகாதுங்கண்ணா" என்றான். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் செட் ஆகவில்லைதான்.

வகுப்புச் சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டியிருக்கும். எந்தெந்த நாட்டுப் படமோ. ராஜா, வியாபாரி, குடும்பம், அடிமை, சண்டை. கீழே எழுதியிருப்பதை எனக்கு வாசிக்கத் தெரியாது. அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. அதனால் ஒவ்வொரு படத்திலும் இருக்கிற ஆளைப் பார்த்து மனசுக்குள் ஒன்று கேட்டுக்கொள்வேன்: இவன் மாதிரி அசையாமல் இருந்தால் எனக்கு எங்கே வலிக்கும்?

என் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான். இடுப்பு வலிக்கிறவன் வேலைக்காரன். கழுத்து வலிக்கிறவன் கீழே இருந்து மேலே பார்க்கிறவன். எங்கேயும் வலிக்காதவன் முதலாளி. பார்க்கப் பார்க்கப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோட்டைமேட்டில் தெரிந்த பாய் ஒருவரின் ஃப்ரேம் கடைக்குப் போய், கண்ணாடி போட வந்திருக்கும் குடும்பப் படங்களைப் பார்ப்பேன். கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக்கு நிற்பவன் மாதிரி நின்று சுவரைப் பார்ப்பேன். சாப்பாட்டுக்கும் நின்றேன், அது வேறு விஷயம்.

ஒரு படத்தில்தான் முதல் அதிர்ச்சி. பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, பெரிய வீட்டு அம்மா. பக்கத்தில் புருஷன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா ஒரு கையை நாற்காலிமேல் வைத்து நின்றுகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் குதிகால் வலிக்கும். அவ்வளவு நகை போட்டும் வலிக்கிறவர்கள் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறது! பாயிடம் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடைக்கு வந்து குடும்பத்துல குண்டு வெக்காதீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இவ்வளவு படித்தவன் தாராபுரத்துப் பக்கம் போய் எப்படி மாட்டினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அங்கே அமராவதிக் கரையில் ஒரு பெரிய குடும்பம். புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். வாசலுக்கு எதிரே தங்கள் அப்பாருவை, அதாவது தாத்தாவை, ஆள் உயரத்துக்கு வரைந்து மாட்ட வேண்டும் என்று மாஸ்டரிடம் வந்தார்கள். அவருக்கு போட்டோவே கிடையாது. தலையில் உருமால் கட்டியிருப்பார், கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார், இவ்வளவுதான் சொன்னார்கள். முகத்துக்கு அவர் சாயலில் இருக்கும் ஒரு பேரனின் போட்டோ. உடம்புக்கு நான்.

மாஸ்டர் நாற்காலியைப் போட்டு, "உட்காருப்பா, நீ பெரிய பண்ணைக்காரன்" என்றார். உட்கார்ந்தேன்.

"ஏப்பா, நாற்காலி சுடுதா?"

"இல்லைங்களே."

"அப்பறம் ஏன் நுனியில உட்கார்ந்திருக்கே?"

குனிந்து பார்த்தேன். நுனியில்தான் இருந்தேன். முட்டி இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கை இரண்டும் தொடை நடுவில் ஒளிந்திருந்தன. கால் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. முதலாளி எப்படி உட்காருவான் என்று ஆயிரம் படம் பார்த்து மனப்பாடம் செய்தவன் நான். என் முட்டிக்கு அது ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். பேசிக்கொண்டே இருந்தபோது உடம்பு தானாக நுனிக்கு வந்துவிட்டது. திரும்பத் தள்ளினேன். திரும்ப வந்தது. மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முட்டியை யார் இப்படிப் பழக்கியது? எனக்குத் தெரியாமல் எப்போது பழக்கினார்கள்?

ஒருவழியாகப் பவுண்டரி முதலாளியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி முன்னால் நீட்டி வைப்பார், யாராவது தொட்டுக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. அப்படி நீட்டியதும் மாஸ்டர், "அசையாதே! அதுதான், அதுதான்!" என்று கத்தினார். படம் பிரமாதமாக வந்தது. மாஸ்டர் பார்த்ததை வரைகிற ஆள். கால் நகத்து வெடிப்பைக்கூட விடவில்லை.

இப்போது யோசித்தால் புரிகிறது. மாடலை வைத்து வரைகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆனால் அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மண்டபம் திறப்பதற்கு முன்னால், குடும்பத்துக்குள் மட்டும் ஒரு பூஜை வைத்தார்கள். வேனில் படத்தைக் கொண்டுபோய் மாஸ்டரும் நானும் மாட்டினோம். பூஜை என்பதால் எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தார்கள். நானும்தான். துணியை விலக்கியதும், "ஐயோ, எங்க அப்பாருங்க!" என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெரிய மருமகள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா குனிந்து, படத்தில் முன்னால் நீட்டியிருந்த காலில் குங்குமம் வைத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டது. அடுத்தடுத்து மூன்று பெண்கள் வந்து அதேமாதிரி வைத்தார்கள்.

என் கால். எனக்கு உள்ளங்கால் கூசியது.

அந்த வீட்டுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், படத்தில் இருப்பவரின் பேரன். அவரை மட்டும் அப்பாரு தோளில் தூக்கி வளர்த்தாராம். எழுந்து வந்தார். முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கீழே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க, இது யாரு காலுங்க?"

படத்துக்கு இன்னும் கிட்டப் போய்க் காலை விரலால் சுட்டினார்.

"எங்க அப்பாரு மண்ணுல கால் வெச்சவரு இல்லைங்க. அவரு பாதம் பூவாட்டம் இருக்கும். இது வெடிச்ச காலு. வெரலு மேல வெரலு ஏறியிருக்குது. யாருதுங்க?"

நான் வலது காலை மெதுவாக இடது காலுக்குப் பின்னால் கொண்டுபோனேன். வழுவழுப்பான கல் தரை, வெறுங்கால், ஒளிக்க இடமே இல்லை. அந்த அசைவைத்தான் பெரியவரின் மகன் பார்த்துவிட்டார்.

மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. "ஒரு மாதிரிக்கு வெச்சு வரையறதுங்கய்யா. காலு மட்டுமுங்க. காலுக்கு மட்டும் இவரை உட்கார வெச்சேன்."

மகன் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "போச்சாதுங்க, அதுக்கென்ன. செருப்பு வரைஞ்சு மறைச்சுருங்க. அப்பாரு போட்ட செருப்பு பூஜை ரூம்ல இருக்குதுங்க" என்றார். கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். பெரிய தோல் செருப்பு. வாரில் பித்தளைக் குமிழ். பெட்டிமேல் பூ வைத்திருந்தது.

"கால் உள்ள இருந்தாத்தானுங்க வாரு எங்க அமுங்குதுன்னு தெரியும்" என்றார் மாஸ்டர். "யாராச்சும் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா இப்பவே முடிச்சுருவேன்."

மகன் பின்னால் நகர்ந்தார். பெரியவரின் பேரன்கள் நகர்ந்தார்கள். "அப்பாரு செருப்புல நாங்க கால் வெக்கறதுங்களா! பாவமுங்க!" என்றது மருமகள். பிறகு என்னைக் காட்டி, "இவருதானுங்களே காலுக்கு உட்கார்ந்தவரு, இவரே போட்டுக்கட்டும்" என்றது.

அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னது. எங்கள் அப்பன் இந்தமாதிரி வீதிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளுவார். அவர் பிள்ளையை அழைத்து, அந்த வீட்டுச் சாமி அறையில் இருந்த செருப்பைப் போட்டுக்கொள் என்கிறார்கள்.

செருப்பைத் தரையில் வைத்தார்கள். வலது காலைத் தூக்கினேன்.

"சித்த இருங்க கண்ணு" என்றார் பெரியவர்.

இங்கேதான் நம் தொழில் என்னைக் கவிழ்த்தது. யாராவது "இருங்க" என்றால் நமக்கு என்ன பழக்கம்? அப்படியே இருந்துவிடுவோம். நானும் அப்படியே இருந்தேன். ஒற்றைக் காலில், இன்னொரு கால் செருப்புக்கு மேலே அந்தரத்தில். கொக்கு மாதிரி.

"எந்த ஊருங்க நீங்க?"

"கணபதிங்க. புள்ளையாருக்கு ஒறம்பரைங்க."

பிள்ளையாருக்குச் சொந்தக்காரன் என்றதும் பெரியவரின் பேரன் ஒருவன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

"கணபதி பொழைக்கப் போன ஊருங்க. அதுக்கு முன்னால?"

"அங்கதானுங்க, பவுண்டரில."

"உங்க அய்யன் எந்த ஊருங்க கண்ணு?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு 'ங்க'. நம் ஊர் மரியாதை. வெளியூர்க்காரன் கேட்டால், எவ்வளவு பாசமாக விசாரிக்கிறார் என்று நினைப்பான். நான் நம் ஊர்க்காரன். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

பொய் என்னிடம் தயாராகவே இருந்தது. பவுண்டரியில் எங்கள் ஆட்கள் எல்லோரும் வீடு வாடகைக்குப் பிடிக்க ஒரு பொய் ஊர் வைத்திருப்போம். வேறு ஊர், வேறு வீதி சொல்லிவிட்டால் முடிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். மாஸ்டர் பேர் தப்பும், என் முதுகும் தப்பும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மண்டைக்குக்கூட இந்தக் கணக்கு வந்தது. ஆனால் பொய் சொன்னால் என் அப்பன் எந்த ஊரிலும் இருந்ததாக ஆகாது. அவர் பேரை இனிமேல் வேறு எங்கே எவன் கேட்கப்போகிறான்? வாயைத் திறந்தேன். ஒரு ஜோக்குகூட வரவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்படி ஆனது அன்றுதான்.

"ஆத்துக்கு அக்கட்டாலைங்க. உங்க தோட்டத்துக்கு எதுத்த ஊரு. ஓடைக்குத் தெக்கால வளவுங்க."

ஓடைக்குத் தெற்கே அந்தக் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"காலைக் கீழ வெச்சுக்கோங்க கண்ணு" என்றார் பெரியவர். குரல் மாறவில்லை.

காலை இறக்கினேன். அது தரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மகன் குனிந்து செருப்பை இரண்டு கையாலும் எடுத்துவிட்டார். அவ்வளவு வேகத்தை அந்த வயதுக்காரரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பு இருந்த இடத்தில் கல் இருந்தது. ஜில்லென்று இருந்தது.

அப்புறம் நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஒருத்தர்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "வெளிய காத்தாட உட்காருங்க" என்றார்கள். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பெரிய மருமகள் ஈரத் துணியை எடுத்துப் படத்தில் காலில் வைத்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. அதன் பிறகு தன் விரலைத் துடைத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே அம்மாதான் அழுதது. அதே கால்தான். ஒரு ஊர்ப் பேரைத் தவிர நடுவில் எதுவும் மாறவில்லை.

"காலை எடுத்துருங்க" என்று மாஸ்டரிடம் சொன்னார்களாம். மறைத்தாலும் அடியில் இருக்குமாம். மாஸ்டர் தன் கையாலேயே பிளேடு வைத்து முட்டிக்குக் கீழே கேன்வாஸை அறுத்தார். அறுத்த துண்டையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சாப்பாடு பார்சல் வந்தது. இனிப்பு, வடை, பாயசம், தனியாக இலை, தண்ணீர் பாட்டில். ஒரு குறையும் சொல்ல முடியாது. "வழியில சாப்புட்டுக்கோங்க" என்று நீட்டினார்கள்.

வேனில் ஒரு தொடைமேல் பார்சல், இன்னொரு தொடைமேல் சுருட்டிய என் கால். பல்லடம் தாண்டியதும் மாஸ்டர் கேட்டார்.

"ஏம்ப்பா சொன்னே? சூலூருன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"காலு மட்டும்னு நீங்க ஏனுங்க சொன்னீங்க?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"என்னைங்களா மாஸ்டர், படத்தைங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன், எனக்குச் சோறு போட்டவர். அத்தனை வருஷத்தில் என் ஊர் என்ன என்று ஒருநாளும் கேட்காதவர். கேட்காதது பெருந்தன்மை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னை ஏன் எப்போதும் தரையிலேயே உட்கார வைத்தார் என்று அன்று யோசித்தேன். கேட்காமலே தெரிந்திருக்குமோ? பார்சலைப் பிரித்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் முழுதும் சாப்பிட்டேன். பருப்பு ருசியாக இருந்தது. அது ருசியாக இருந்ததுதான் எனக்கு அன்றைக்குத் தாங்க முடியாத அதிர்ச்சி.

உங்களிடமும் கேட்பார்கள். இங்கேயே, டீ குடிக்கும்போது, சிரித்த முகமாக, 'ங்க' போட்டுக் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்றோ பொய் சொல்லுங்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். அவரவர் முதுகு அவரவருக்கு. ஒன்று மட்டும் சொல்வேன். எவன் "இருங்க" என்றாலும் இருக்காதீர்கள். முதலில் இரண்டு காலையும் தரையில் வையுங்கள். அதற்கப்புறம் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று பாருங்கள்.

இன்னொன்று. மாஸ்டர் "காலு மட்டும்" என்றார் அல்லவா, அவர்கள் நம்பிவிட்டார்கள். கால் போனதும் தீட்டுப் போனது என்று படத்தை மாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த மண்டபத்தில் வாசலுக்கு எதிரே அதுதான் இருக்கிறது. முகம் பேரனுடையது. தோள் என்னுடையது. நெஞ்சு என்னுடையது. ஆசீர்வாதம் செய்கிற வலது கை முழுக்க, முழங்கையில் இருக்கும் பவுண்டரித் தீக்காயம் வரைக்கும், என்னுடையது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பொண்ணும் மாப்பிள்ளையும் அதன்முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். சிரிக்காதே சரசு, பதிவில் விழும்.

போன வருஷம் நம் பழைய மாணவன் ஒருவன் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டான். போனேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. செருப்பை வெளியே கழற்றியிருந்தேன், என் விரலைக்கூட ஒருத்தரும் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. பின்னால் பொண்ணு மாப்பிள்ளை வந்துவிட்டார்கள், மேளம், கூட்டம், மண்டபம் கட்டிய வீட்டுப் பெரியவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். போட்டோகிராபர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டான்: "ஏனுங்க பெரியவரே, சித்த தள்ளிக்குங்க! அப்பாருவை மறைக்கறீங்க!"

எனக்கு வந்ததே ஒரு துணிச்சல். நான் நகரவில்லை. திரும்பி நின்றேன். பொண்ணும் மாப்பிள்ளையும் குனிந்துவிட்டார்கள். பெரியவர் என்னையே பார்க்கிறார். நான் என்ன செய்தேன் என்றால், மெதுவாக என் வலது கையை...

என்ன பாப்பா, கதவுகிட்டயே நிக்கறே? என்ன வேணும்?

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு மாடல் வரலைங்க. கிளாஸ்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க. ஒரு அரை மணி நேரம் நீங்க உட்காருங்களேன்."

"நான் ரிட்டயர் ஆனவன் அம்மணி. முட்டி மடங்காது. என்னவாம் இன்னைக்கு?"

"பிச்சைக்காரருங்க. முட்டி மடக்க வேண்டாமுங்கண்ணா, சுவத்துல சாஞ்சு வலது கையை மட்டும் நீட்டுனாப் போதும்."

வாரேன், வாரேன். சரசு, நிறுத்து அம்மணி.